வாசகர் கேள்வி: வீட்டில் நில அதிர்வைப் பதிய எந்த சென்சார் வாங்கலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2021 கடைசியில் எங்கள் பக்கம் பூமி அதிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதிருந்து வீட்டிலேயே நில அதிர்வைப் பதிய வேண்டும் என்று ஆசை. பழைய ராஸ்பெர்ரி பை 3 பி என்ற குட்டிக் கணினி ஒன்றும், ஆர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோலர் போர்டு ஒன்றும் சும்மா கிடக்கின்றன. ஆன்லைனில் ‘நிலநடுக்க சென்சார்’ என்று தேடினால் நூறு ரூபாயில் தொடங்கி அரை லட்சம் வரை காட்டுகிறது. என்னால் பத்தாயிரம், மிஞ்சினால் பன்னிரண்டாயிரம் வரை போட முடியும். என்னிடம் இருப்பதோடு எது பொருந்தும்?

பதில்: நன்றாக நினைவிருக்கிறது. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கே வந்தது 3.6 அளவு. டிசம்பரிலும் ஒன்று வந்தது. உங்கள் ஊரில் இப்படி ஒரு கருவி ஓடுவது எனக்கே சந்தோஷம் தருகிற விஷயம்.

முதலில், எதைப் பதிய ஆசைப்படுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சுமத்ராவில் வரும் பெரிய நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலை ஒருமுறை மேலே போய் வரவே ஏறக்குறைய 20 வினாடி ஆகும். பேரணாம்பட்டு மலையடியில் வரும் சின்ன அதிர்வோ வினாடிக்குப் பல தடவை துடிக்கும். இரண்டையும் ஒரே மலிவான சென்சாரில் பிடிக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது பக்கத்து அதிர்வு என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் நூறு ரூபாய்க்கு வரும் எஸ்.டபிள்யூ. 420-ஐ விட்டுவிடுங்கள். அது வெறும் ஸ்விட்ச். ஆடினால் ‘ஆம்’, ஆடாவிட்டால் ‘இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். அடுத்த படி ஏ.டி.எக்ஸ்.எல். 345 என்ற முடுக்கமானி, அதாவது அசைவின் முடுக்கத்தை அளக்கும் சில்லு. சில நூறு ரூபாய்தான், உங்கள் இரண்டு போர்டிலும் ஓடும், அதனால் பலரும் இதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அது காட்டக்கூடிய மிகச் சிறிய படியே புவியீர்ப்பில் ஆயிரத்தில் நான்கு பங்கு. படுத்திருப்பவருக்கு மட்டும் லேசாகத் தெரிகிற அதிர்வு அதில் ஒரு படி ஏறினாலே பெரிது. போர்டோடு பொருந்துகிறது என்பதற்காக அதை வாங்காதீர்கள். நீங்கள் தேடும் அதிர்வோடு அது பொருந்தாது.

வாங்க வேண்டியது ஜியோபோன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் நிலத்தடி நீர் தேடும் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இரும்புத் தட்டைத் தரையில் வைத்து சம்மட்டியால் அடிப்போம். வரிசையாகக் குத்தி வைத்த ஜியோபோன்களில் அந்த அடி எத்தனை மில்லி வினாடியில் வந்து சேருகிறது என்று பார்த்து, பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று கணக்குப் போடுவோம். கைக்கு அடக்கமான அந்தச் சின்ன டப்பாவின் மேல் எனக்கு இன்றைக்கும் தனி மரியாதை உண்டு. உள்ளே ஒரு காந்தம், ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். தரை அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மின்சாரம் கொடுக்கவே வேண்டாம்.

கேட்டு வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, 4.5 ஹெர்ட்ஸ் வகை (ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு). 10 ஹெர்ட்ஸ் வகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குக் கீழே சீக்கிரமே காது மந்தமாகிவிடும். இரண்டாவது, செங்குத்து வகை. ஜியோபோனில் செங்குத்து, கிடைமட்டம் என்று தனித்தனி உண்டு, 4.5 ஹெர்ட்ஸில் ஒன்றை மற்றதாகப் படுக்க வைத்தோ நிமிர்த்தியோ பயன்படுத்த முடியாது. மூன்றாவது, டேட்டாஷீட் கூடவே வர வேண்டும். சுருளுக்குக் குறுக்கே எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஸ்பிரிங் தேவையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்காது என்பது அதில்தான் இருக்கும். புதிதாக வரவழைத்தால் உங்கள் பட்ஜெட்டில் பாதி இதற்கே போகலாம், போகட்டும். சர்வே நிறுவனங்கள் கழித்துப் போடும் பழையது கிடைத்தாலும் வாங்கலாம். மல்டிமீட்டரில் சுருளின் ஓம் டேட்டாஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு முள் மீட்டரில் இணைத்து மெல்ல அசையுங்கள். முள் இரண்டு பக்கமும் ஆடினால் உயிர் இருக்கிறது.

இனி உங்கள் போர்டுகள். பரவலாகக் கிடைக்கும் ஜியோபோன் வகைகளில் தரை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால் 28.8 வோல்ட் வரும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1,024 படியாகப் பிரிக்கிறது, ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். அதாவது தரை வினாடிக்கு 0.17 மில்லிமீட்டர் வேகத்தில் அசைந்தால்தான் அதற்கு ஒரு படி தெரியும். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்த கதைதான். ராஸ்பெர்ரி பையிலோ வோல்ட்டை நேரடியாக அளக்கும் அனலாக் உள்ளீடே கிடையாது.

அதனால் நடுவில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் ஏ.டி.எஸ். 1115 என்ற 16 பிட் மாட்யூல் ஒன்று போடுங்கள். அதுவும் சில நூறு ரூபாய்தான். ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதிகபட்ச கெயினில் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட், ஊனோவைவிட அறுநூறு மடங்கு நுணுக்கம். பையோடு இணைக்கும்போது 3.3 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் அதே அழுத்தம் சிக்னல் கம்பி வழியே பைக்குள் போகும், பை அதைத் தாங்காது. இன்னொன்று, ஜியோபோன் கொடுப்பது கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வரும். மாட்யூலின் கால்கள் கிரவுண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு சம ரெசிஸ்டரால் 3.3 வோல்ட்டைப் பாதியாக்கி, ஜியோபோனின் ஒரு முனையை அந்த நடுப்புள்ளியில் கட்டிவிட்டு, இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கச் சொல்லுங்கள். தினமும் சால்டரிங் அயர்ன் பிடிக்கிற உங்களுக்கு இது ஒரு சாயங்கால வேலை.

நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பை 3-இல் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தால், இணையத்திலிருந்து நேரம் வாங்கும் வரை அது தப்பான நேரத்தையே எழுதும். நிலநடுக்கத்தின் முதல் அலை பாறையில் வினாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். ஒரு வினாடி தப்பினால், மற்ற நிலையங்களோடு சேர்த்துப் போடும் தூரக் கணக்கு அத்தனை கிலோமீட்டர் தப்பும். மிச்சப் பணத்தில், வினாடிக்கு ஒரு துடிப்பு தருகிற ஜி.பி.எஸ். மாட்யூல் ஒன்றும், பைக்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப்பும் வாங்குங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். பைத்தானில் ஆப்ஸ்பை என்ற நூலகம் இலவசம். அதைக் கொண்டு பதிவை மினிசீட் வடிவத்தில் சேமியுங்கள். உலகம் முழுக்க நிலநடுக்க நிலையங்கள் பயன்படுத்தும் வடிவம் அது. ஸ்வார்ம் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். உங்கள் இஷ்டத்துக்கு ஒரு எக்செல் ஃபைலில் எழுதி வைத்தால் நாளைக்கு வேறு எவரோடும் ஒப்பிட முடியாது.

ராஸ்பெர்ரி ஷேக் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன், 24 பிட் மாற்றி, வினாடிக்கு 100 பதிவு, எல்லாம் சேர்ந்த ஒரே போர்டு. உங்கள் பை 3 பி மேல் அப்படியே உட்காரும். அருமையான பொருள், ஆனால் சில நூறு டாலர், அதோடு சுங்க வரி. ஒரு பள்ளியோ கல்லூரியோ வாங்கினால் நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் பட்ஜெட்டுக்கு இல்லை.

வைக்கிற இடம் மொட்டை மாடி வேண்டாம், கடையும் வேண்டாம். உங்கள் பக்கம் பாறை வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டை ஒட்டி அப்படி ஒன்று இருந்தால் அதன் மேல் சிமென்ட் வைத்து உட்கார வையுங்கள், மேலே வெயிலும் காற்றும் படாமல் மூடுங்கள். அதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. தண்ணீர் மோட்டாரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஷீல்டு போட்ட கேபிள் போடுங்கள், இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறிவிடும்.

முதலில் உங்களுக்குக் கிடைக்கப்போவது நிலநடுக்கம் இல்லை, கல்குவாரி வெடிதான். பகலில், பெரும்பாலும் ஒரே நேரத்தில் வரும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கருவியைச் சோதிக்க அதுவே நல்லது. ராத்திரி பதிவில் ஒரு துடிப்பும், சில வினாடி கழித்து அதைவிடப் பெரிய துடிப்பும் வந்தால், இடைவெளியை எட்டால் பெருக்குங்கள், தோராயமாக தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் எனக்கு அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். சென்சார் வாங்க வசதியில்லை. செல்போன் போதுமா ஐயா?

பதில்: கற்றுக்கொள்ளப் போதும் அம்மா. ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவச செயலியைப் போட்டு, போனை சிமென்ட் தரையில் வைத்து, குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார். ஒவ்வொரு அடி தள்ளி மிதிக்கும்போதும் அலை எப்படிச் சிறுக்கிறது என்று நோட்டில் வரைந்து வை. போனில் இருப்பதும் மேலே சொன்ன முடுக்கமானி இனம்தான், சின்ன நிலநடுக்கம் அதில் விழாது. கையால் செய்ய ஆசை இருந்தால் ஸ்லிங்கி ஸ்பிரிங், காந்தம், கம்பிச்சுருள் வைத்துச் செய்யும் நில அதிர்வுமானி ஒன்று உண்டு. அது தூரத்துப் பெரிய நிலநடுக்கங்களைப் பிடிக்கும். இயற்பியல் ஆசிரியரிடம் கேள், அடுத்த இதழில் படத்தோடு எழுதுகிறேன்.

கேள்வி: ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கருவியில் ஒரு பஸ்ஸர் வைத்தால் நிலநடுக்கம் வருமுன் எச்சரிக்குமா?

பதில்: வருமுன் எச்சரிக்காது. தொடங்கிய பிறகு, முதல் அலைக்கும் பலமான இரண்டாவது அலைக்கும் நடுவில் உள்ள நேரம்தான் கையில் கிடைக்கும். மையம் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது ஆறு வினாடி. ஒற்றைக் கருவிக்கு லாரி எது, நிலநடுக்கம் எது என்று பிரித்தறியவே அதில் பாதி போய்விடும். நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் ராத்திரி முழுக்க பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும். அந்தப் பணத்தில் பீரோவைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், கட்டிலுக்கு நேர் மேலே பரணில் இருக்கும் அண்டாவையும் குத்துவிளக்கையும் கீழே இறக்கி வையுங்கள்.