சேற்றுப் பாக்டீரியாவும் செயற்கை நரம்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் வடகிழக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்டாக் ஆய்வாளராக நான்காம் ஆண்டில் இருக்கிறேன். உயிர்ப்பொருள்களைக் கொண்டு மூளையைப் போல இயங்கும் மின்னணுச் சாதனங்கள், குறிப்பாக மெம்ரிஸ்டர்கள், செய்வதுதான் வேலை. வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில்.

மெம்ரிஸ்டர் என்றால் என்ன? பள்ளி மாணவர்களுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். (ஓர் ஆசிரியர்)

வயல்வெளியில் ஆட்கள் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை விழுகிறது. பாதை விழுந்தபின் நடப்பது எளிதாகிறது. தன் வழியே முன்பு மின்சாரம் போன விதத்தை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளும் மின்தடைதான் மெம்ரிஸ்டர். இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று மின்பொறியியல் பேராசிரியர் லியான் சுவா 1971இல் கணக்கிட்டுச் சொன்னார். எச்பி கணினி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தினர் 2008இல் டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் அதைக் காட்டினார்கள்.

சிலிக்கான் நன்றாகத்தானே வேலை செய்கிறது? உயிர்ப்பொருள் எதற்கு?

மின்னழுத்தத்துக்காக. நம் நரம்புச் செல் எழுப்பும் துடிப்பு ஏறத்தாழ 100 மில்லிவோல்ட். மூளை முழுவதும் சுமார் 20 வாட்டில் ஓடுகிறது. வழக்கமான மெம்ரிஸ்டர்களுக்கு இதைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் தேவை.

ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழ்கிறது. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல, அது இரும்புத் தாதுக்களுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து உயிர்வாழ்கிறது. அதற்காகவே நானோ அளவிலான மின்கடத்தும் இழைகளை வளர்க்கிறது. மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜுன் யாவ், டெரெக் லவ்லி குழுவினர் அந்த இழைகளை வெள்ளி மின்முனைகளுக்கு இடையே வைத்தார்கள். வெள்ளி அயனிகள் எலக்ட்ரானைப் பெற்று உலோகமாகிப் பாலம் கட்டும்போதுதான் மெம்ரிஸ்டரில் மின்சாரத்துக்கு வழி திறக்கிறது. உலோகங்களுக்கு எலக்ட்ரான் கொடுத்தே பழகிய இழை, அந்த வேலையையும் எளிதாக்கிவிட்டது. 2020இல் அவர்கள் வெளியிட்ட சாதனம் 40 முதல் 100 மில்லிவோல்ட்டில் இயங்கியது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவில்தான் இத்துறைக்கு வருவதென்று முடிவெடுத்தேன். 2025இல் அங்கிருந்தே 0.1 வோல்ட்டில், அதாவது 100 மில்லிவோல்ட்டில், துடிக்கும் செயற்கை நரம்புச் செல்லும் வந்துவிட்டது.

அந்த இழை எதனால் ஆனது என்பதிலேயே சண்டை என்கிறார்களே? (உயிர்வேதியியல் மாணவி)

உண்மைதான் தங்கையே. பிலின் என்ற புரதம் என்பது லவ்லி தரப்பு. மின்கடத்தும் இழை, இரும்பு அணுவைக் கொண்ட ஹீம் மூலக்கூறுகள் வரிசையாக அமைந்த சைட்டோகுரோம் என்ற வேறொரு புரதம் என்று, 2019இல் யேல் பல்கலைக்கழகத்தின் நிகில் மல்வான்கர் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு எழுதியது. இரு தரப்புக் கட்டுரைகளையும் படியுங்கள். ஒரு தரப்பை மட்டும் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள், கட்டாயம் கேட்பார்கள்.

பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டேன். போஸ்ட்டாக்கில் இதற்குள் வர முடியுமா அக்கா?

முடியும். நானும் அப்படி வந்தவள்தான். இயற்பியல், வேதியியல், பொறியியல் படித்தவர்கள் உயிரியலுக்கு மாறுவதற்காகவே ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் என்ற சர்வதேச ஆய்வு நிதித் திட்டத்தில் தனி உதவித்தொகை இருக்கிறது. ஐரோப்பாவுக்கு மேரி கியூரி உதவித்தொகை. விண்ணப்பிக்கும் முன் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் போக விரும்பும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது.

ஆனால் உயிர்ப்பொருள் சிலிக்கான்போல நடந்துகொள்ளாது என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். என் முதல் ஆண்டில், ஜூலையில் செய்த சாதனங்கள் அருமையாக வேலை செய்தன. டிசம்பரில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. புரதம் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று மாதம் புதிது புதிதாகத் தயாரித்தேன். கடைசியில் பார்த்தால், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும்போது காற்று வறண்டுபோகிறது. என் புரதப் படலத்துக்கு ஈரம் வேண்டும். ஈரப்பதமானி ஒன்று மேசையில் இருந்திருந்தால் ஒரே நாளில் பிடித்திருப்பேன். அந்த மூன்று மாதத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தைத் தேர்வு செய்யும்போது என்ன கேட்க வேண்டும்?

புரதத்தை யார் வளர்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வேறொரு குழு அனுப்பிவைக்கும் என்று பதில் வந்தால், உங்கள் இரண்டு ஆண்டுகள் அவர்கள் கையில் இருக்கும். நூறு சாதனங்கள் செய்தால் எத்தனை வேலை செய்கின்றன என்றும் கேளுங்கள். கட்டுரைகளில் பெரும்பாலும் மிகச் சிறந்த சாதனத்தின் வரைபடமே இருக்கும். எண்ணை மறைக்காமல் சொல்லும் பேராசிரியரிடம் சேருங்கள். பெரிய பெயரைவிட அது முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் கல்லூரியில் பெரிய வசதி இல்லை. தேன், முட்டை வெண்கரு ஆகியவற்றிலும் செய்யலாமாமே?

செய்யலாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022இல் தேனை உலர்த்தி இரு மின்முனைகளுக்கு இடையே வைத்து மெம்ரிஸ்டர் செய்தார்கள். நீரில் கரைந்துவிடும் என்பதால் மின்னணுக் கழிவுப் பிரச்சினைக்கு அது ஒரு வழி. நீங்கள் வெண்கருவில் தொடங்குங்கள். மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி, மெல்லிய வெண்கருப் படலம், மேலே ஓர் உலோகப் புள்ளி, மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய அளவுக் கருவி, இவை போதும். பக்கத்தில் ஈரப்பதமானியை வைத்து, ஒவ்வோர் அளவீட்டுக்கும் எதிரே அதன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.