மொறிஸ் மைனருக்கு 5 கியர் பெட்டி போட அடிப்பக்கக் குறுக்குச் சட்டத்தை வெட்டலாமா?

உங்களிடம் மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. அதற்கு ரொயோட்டாவின் 5 கியர் பெட்டியைப் பொருத்த, அடியில் உள்ள நடுக் குறுக்குச் சட்டத்தைக் 'கொஞ்சம்' வெட்ட வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். வெட்டினால் வண்டி பலம் இழக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

நான் பொறியியலாளன் அல்லன்; கல்முனையில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். பழைய காரில் புதிய பாகம் சேர்ப்பதே குற்றம் என்று இங்கே வந்து வாதிடக்கூடியவர்களுக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அப்பா விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு வண்டி. கண்காட்சியில் நிறுத்துவதற்காக நான் அதை வைத்திருக்கவில்லை. 948 சிசி எஞ்சினோடு வந்த மைனரின் பின்னச்சு விகிதம் 4.555; அதாவது பின்சக்கரம் ஒரு தடவை சுற்ற, கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு 4.555 தடவை சுழல வேண்டும். அந்த விகிதத்தில் நான்காம் கியரில் மணிக்கு 45 மைல் ஓடினாலே எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2900 தடவை சுழலும். ஹபறணை வழியாகக் கொழும்புக்குப் போய் இறங்கும்போது காதுக்குள் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும். ஐந்தாம் கியரில் அது 2500 அளவுக்கு இறங்குகிறது. ஆகவே கியர் பெட்டியை மாற்றியதற்கு நான் வருந்தவில்லை; மாற்றிய முறைக்குத்தான் வருந்துகிறேன்.

மைனருக்குத் தனியான சசி (அடிச்சட்டகம்) கிடையாது. தளம், சட்டம், பொடி (மேலுடல்) எல்லாம் ஒன்றாக ஒட்டப்பட்ட கட்டமைப்பு. முன் சக்கரங்களைத் தாங்குவன சுருள் வில்கள் அல்ல, நீளவாட்டில் ஓடும் டோர்ஷன் பார் என்னும் இரண்டு முறுக்குத் தண்டுகள். அவற்றின் பின்முனைகள் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பது நீங்கள் வெட்டக் கேட்கும் அதே குறுக்குச் சட்டத்தில்தான். வண்டியின் முன்பாரம் இரண்டு தண்டுகளையும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்குகிறது. அந்த இரண்டு முறுக்கும் சட்டத்தின் நடுப்பகுதியில் வந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆகவே வண்டி அசையாமல் நிற்கும்போதுகூட அந்த நடுப்பகுதியை ஒரு விசை வளைத்துக்கொண்டே இருக்கிறது. கியர் பெட்டியின் வால் வந்து முட்டியதும் சரியாக அந்த இடத்தில்தான்.

நாங்கள் முதலில் போன கராஜில் கிறைண்டரால் மேல் விளிம்பைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, பெட்டியை ஏற்றி, இரண்டு நாளில் வண்டியைத் தந்துவிட்டார்கள். ஓட்டம் அருமையாக இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. பழைய தண்டு களைத்துவிட்டது என்று சொல்லி, அதன் பின்முனை நெம்பைத் திருத்தி உயர்த்தித் தந்தார்கள், மறுபடியும் தாழ்ந்தது. வலப்பக்கக் கதவைச் சாத்தும்போது சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டியதாயிற்று. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

காத்தான்குடியில் ரிங்கரிங் (வண்டித் தகடுகளைத் தட்டி ஒட்டித் திருத்தும்) வேலை செய்யும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர்தான் காரணத்தைப் பிடித்தார். சட்டத்தில் இருந்த கிறீஸையும் மண்ணையும் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தார். பிறகு அதை நன்றாக உலர்த்தித் துடைத்து, வெண்கட்டியைத் தேய்த்துவிட்டு, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காத்திருக்கச் சொன்னார். வெட்டிய சதுரத்தின் மூலையிலிருந்து தலைமுடி அளவில் ஈரக்கோடு ஒன்று வெள்ளைக்குள் கசிந்து கீழே இறங்கியிருந்தது. "சேர், பாருல பிழை இல்ல. வெட்டின இடம்தான் வாய் பிளந்திருக்கு" என்றார். மூலையை வட்டமாக வெட்டியிருந்தால் வெடிப்பு இவ்வளவு விரைவில் தொடங்கியிராது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

திருத்திய ஒழுங்கைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதலில் தண்டுகளின் முறுக்கைத் தளர்த்தினார். இறுக்கத்தில் இருக்கும் தண்டோடு சட்டத்தில் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. இரண்டு கதவு வாசல்களுக்கும் குறுக்காக ஆங்கிள் இரும்பு வைத்துத் தற்காலிகமாக ஒட்டி, மூலைவிட்டங்களை அளந்து சுவரில் எழுதி வைத்தார். மைனரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில் நீளவாட்டுப் பக்கச் சட்டத்துக்குள்ளேயே இருப்பதால், அதையும் குழாய்களையும் கழற்றிய பின்னரே வெல்டிங் தொடங்கியது. வெடிப்பின் முனையில் சிறு துளை இட்டு, வெட்டிய இடத்தை மூடி, வெட்டைத் தாண்டி இரு பக்கமும் நீளும் தகடுகளால் சட்டத்தை மீண்டும் மூடிய பெட்டியாக்கினார். மூடிய பெட்டியைத் திறந்துவிட்டால் அதன் முறுக்கு வலிமை பெரும்பகுதி போய்விடும் என்பது நான் பாடப்புத்தகத்தில் படித்த விடயந்தான். என் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் கியர் பெட்டிக்கு இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மைனரின் தளத்தில் கியர் பெட்டிக்கு மேலே இருக்கும் மூடி, போல்ட் கழற்றி எடுக்கக்கூடிய தனித் தகடு. காக்கா அதை உயர்த்தி அகலப்படுத்தினார்; பெட்டியின் தாங்கியை, கழற்றக்கூடிய புதிய துண்டாகச் செய்து பக்கச் சட்டங்களில் போல்ட் போட்டார். அதனால் பெட்டி சிறிது மேலே ஏறியது. கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பலர் சாஃப்டின் இரு முனைக் கோணங்களும் ஒத்துவருகின்றனவா என்று அளந்து, தாங்கியின் கீழ் மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்தார். சாஃப்டையும் நீளம் பார்த்து வெட்டி, மறுபடி சமநிலைப்படுத்த வேண்டியிருந்தது. முதலாவது கராஜ்காரர் இந்த வழியை நினைத்துப் பார்த்திருந்தால் சட்டத்தில் கிறைண்டர் பட்டிருக்கவே தேவையில்லை. என்ன வெட்டினார்கள் என்று ஒரு வரி எழுதித் தரும் வழக்கமும் அங்கே இல்லை. பற்றுச்சீட்டில் 'கியர் பெட்டி வேலை' என்று மட்டும் இருந்தது.

உங்கள் கராஜில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். எங்களுடையது பழைய இரும்போடு போய்விட்டதால், தகட்டின் கனத்தை அறியக் காக்காவுக்கு மிஞ்சிய விளிம்பை மட்டுமே அளக்க முடிந்தது. அதுவும் பாதி துருவாக இருந்தது.