பட்டப் படிப்புக்காக ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. மகளுக்கு நான்கு வருடப் பட்டப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் அதிகம். ஓய்வுக்காலத்துக்காகச் சேர்த்ததை எடுத்துக் கட்டுவதா, கல்விக் கடன் வாங்குவதா என்று குழப்பம். "டிகிரி முடித்தவனே வேலை இல்லாமல் திரிகிறான், எதற்கு இவ்வளவு செலவு?" என்கிறார் என் தம்பி. பட்டம் படித்தால் இன்னமும் நல்ல வேலை கிடைக்குமா?

பதில்: உங்கள் தம்பி சொல்வது பாதி சரி. பட்டம் அரிதாக இருந்த காலத்தில் அதுவே வேலை வாங்கிக் கொடுத்தது. இப்போது பல வேலைகளுக்கு விண்ணப்பம் போடவே பட்டம் வேண்டும். போட்ட பிறகு, அதே பட்டத்தோடு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். அதற்காகப் படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். பல நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து 2018-இல் சாகரோபூலோஸ், பட்ரினோஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடமும் வருமானத்தைச் சராசரியாக 9 சதவீதம் உயர்த்துவதாகத் தெரிந்தது. ஆனால் அது சராசரி. உங்கள் மகள் சேரப்போவது ஒரு குறிப்பிட்ட கல்லூரியில், ஒரு குறிப்பிட்ட பாடத்தில். அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பாடத்தை நான்கு வருடமும் படித்து முடிக்க அவளுக்கு மனம் இருக்கிறதா? இதை நான் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பாதியில் விட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் கலங்கி வருகிறார்கள். கடன் இருக்கும், சான்றிதழ் இருக்காது.

அப்புறம் கல்லூரியின் விளம்பரத் தாள். போன வருடம் ஒரு தந்தை அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அதிகபட்சச் சம்பளம்'. அது ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்தது. சராசரியையும் நம்ப வேண்டாம், நாலைந்து பெரிய சம்பளங்கள் அதை மேலே இழுத்துவிடும். உங்கள் மகளின் பாடத்தில் முடித்த எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார், எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை, கிடைத்த வேலை படித்த படிப்புக்கு ஏற்றதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பட்டம் தேவைப்படாத வேலையில் தொடங்குகிறவர்களில் பலர் வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

இப்போது கடன். மொத்தக் கட்டணம் 100 என்று வையுங்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25, வட்டி 10 சதவீதம். படிக்கும்போது எதுவும் கட்டாமல், வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால், படிப்பு முடியும்போது கடன் சுமார் 128 ஆகியிருக்கும். அதைப் பத்து வருடத் தவணையில் அடைத்தால் மொத்தம் சுமார் 202 போய்விடும். அதே கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வந்தால் மொத்தம் சுமார் 184-தான். உங்கள் சம்பளத்திலிருந்து அந்த வட்டியைக் கட்டுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

எவ்வளவு வாங்கலாம்? படிப்பு முடியும்போது நிற்கும் மொத்தக் கடன், அந்த 'நடுவில் நிற்பவரின்' ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டணம் குறைந்த கல்லூரியைப் பாருங்கள். பெரிய பெயர் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். டேல், க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2002-இல் அமெரிக்க மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பின்னாளில் பெரும்பாலும் அதே அளவு சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதலாகக் கைகொடுத்தது. உங்களுடையது அப்படிப்பட்ட குடும்பம் என்றால், அங்கே கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் உண்டா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாதீர்கள். மகளுக்குக் கடனை அடைக்க வேலை செய்யும் காலம் முழுதும் முன்னால் இருக்கிறது. உங்களுக்குச் சம்பளம் வரும் வருடங்கள் இன்னும் கொஞ்சம்தான். அந்தப் பணம் கரைந்துவிட்டால், அவள் தன் குடும்பத்தோடு உங்களையும் சேர்த்துத் தாங்க வேண்டிவரும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் அந்த மூன்று விவரங்களையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.