பேச்சிழந்தவரின் மனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'என் மொழியின் எல்லைகளே என் உலகின் எல்லைகள்' என்ற தத்துவஞானி விட்கன்ஸ்டைனின் வரியைப் படித்ததிலிருந்து, மொழியின்றிச் சிந்தனை இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். பக்கவாதத்தில் பேச்சிழந்த என் தாத்தாவைப் பார்க்கையில், அவருடைய மனமும் அன்றே அணைந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. மொழித் தத்துவத்தை எதிலிருந்து கற்கத் தொடங்குவது? தமிழில் மட்டும் வாசித்தால் போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எதிலிருந்தும் தொடங்கலாம், தமிழிலேயே தொடங்கலாம். உங்கள் கடிதத்தில் என்னை அலைக்கழித்தது அந்தக் கேள்வியல்ல. தாத்தாவைப் பற்றிப் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒற்றை வாக்கியம்.

1921-இல் வெளியான அந்த வரி, எதைப் பொருளோடு சொல்ல இயலும் என்ற தர்க்கக் கேள்வியைச் சார்ந்தது. அதைக் கொண்டு, படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு மனம் இல்லையெனத் தீர்ப்பளிப்பது தத்துவமும் அல்ல, அறமும் அல்ல.

1861-ஐ எண்ணிப் பாருங்கள். பாரிஸ் அருகே மருத்துவர் பால் புரோக்கா பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளியால் ஏறத்தாழ 'டான்' என்ற ஓரசையை மட்டுமே சொல்ல முடிந்தது. இந்த மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டபோது, அவர் கையை நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு ஒரு விரலை நீட்டினார். 21 ஆண்டுகள், விடை சரி. கழிந்த காலத்தை நினைவில் வைத்திருந்து, அதை எண்ணாக்கி, அந்த எண்ணை ஐந்தைந்தாகப் பகுத்துக் கையால் காட்டிய ஒருவரிடம் சிந்தனை இல்லையென்று எந்த வாயால் சொல்வீர்கள்? 2005-இல் ரோஸ்மேரி வார்லியும் உடன் ஆய்வாளர்களும் இலக்கணத் திறனைக் கடுமையாக இழந்த மூவரை ஆராய்ந்தனர். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்பதை வாக்கியத்திலிருந்து பிரித்தறியத் தடுமாறிய அவர்கள், எந்த எண்ணிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் தடுமாறவில்லை. அடைப்புக்குறியிட்ட கணக்குகளையும் செய்தார்கள். வாக்கியத்தின் ஒழுங்கு குலைந்த பின்னும் கணக்கின் ஒழுங்கு நிலைத்திருந்தது. பக்கவாதம் சிலருக்கு அறிவின் பிற திறன்களையும் பாதிப்பதுண்டுதான். ஆனால் பேச்சு போனதே அதற்குச் சான்றாகாது.

என் சித்தப்பா பேச்சிழந்த பின்னும் என்னோடு சதுரங்கம் ஆடினார். நான் தவறான காயைத் தொட்டால் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துவிட்டுப் பலகையின் மறுமூலையைச் சுட்டுவார். அதே மனிதர், உறவினர்கள் கட்டிலருகே நின்று "இவருக்கு இனி என்ன தெரியப்போகிறது" என்று பேசும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தப் பேச்சைத்தான் நீங்கள் தத்துவத்தின் பெயரால் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு கடுமை.

நீங்கள் நல்ல வாசகர், தாத்தாவை நேசிப்பவர்; அந்த நேசம் இல்லாவிட்டால் அவரை இக்கடிதத்துக்குள் கொண்டுவந்திருக்க மாட்டீர்கள். இன்று மாலை அவரருகே அமர்ந்து, ஆம், இல்லை என்று தலையசைத்து விடை தரக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். ஒன்றுக்கு விடை வரும்வரை அடுத்ததைத் தொடுக்காதீர்கள். அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் படர்க்கையில் பேசுவதை வீட்டில் அனைவரும் நிறுத்தும்படி செய்யுங்கள். விட்கன்ஸ்டைன் காத்திருப்பார்.