தொண்டியில் வாங்கி காரைக்குடிக்குக் கொண்டுவந்து, கறிவேப்பிலைச் சாற்றில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்த சீலா மீன் மூன்றாம் நாளே அம்மோனியா வாடை அடிப்பது ஏன்? சாற்றைக் கூட்டலாமா?

சாற்றைக் கூட்டிப் பயனில்லை, குளிரைக் கூட்டுங்கள். 4 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். கறிவேப்பிலை, பச்சைத் தேயிலைச் சாறெல்லாம் முக்கியமாகக் கொழுப்பு சிக்கு வாடை பிடிப்பதைத்தான் தள்ளிப்போடும். நீங்கள் சொல்லும் அம்மோனியா வாடை பாக்டீரியாவின் வேலை.

தொண்டியிலிருந்து காரைக்குடி வருவதற்குள் ஐஸ் உருகிவிடுகிறதா? என் சந்தேகம் அங்கேதான்.

அப்புறம் ஃபிரிட்ஜ். டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, மீன் வைக்கும் தட்டிலேயே ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். எங்கள் வீட்டில் 9 காட்டியது!

ஒன்று மட்டும்: சீலா, அயிலை சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். வாடையே இல்லாமலும் இருக்கும், பொரித்தாலும் போகாது. எந்தச் சாறு தடவினாலும் இரண்டு நாளுக்குள் பொரித்துவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசர்தான்.