பேராசிரியரின் கம்பெனியில் பத்து வாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாம் ஆண்டு. குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே காட்டும் கையடக்கக் கருவியை வைத்து எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கிறார். மின்வேதியியல் முறையில் வேலை செய்யும் கருவி. அவர் என் வழிகாட்டி இல்லை, ஆனால் என் ஆய்வேட்டை மதிப்பிடும் ஆய்வுக் குழுவில் உறுப்பினர். பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளை நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் தொழில்நுட்ப உரிம அலுவலகம் வழியாகக் கோடையில் பத்து வாரம் இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிடுகிறார்கள். "மார்க்கெட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும், லேபிலும் கைகொடுக்க வேண்டும்" என்பதுதான் வேலை விவரம். அலுவலகம் ஒரு சிறு தொகை தருமாம். மிச்சத்தை கிராண்ட் வந்ததும் பார்க்கலாம், இல்லாவிட்டால் பங்காகத் தரலாம் என்கிறார்கள். கையெழுத்திட இரண்டு ஒப்பந்தங்கள் வந்திருக்கின்றன, ஒன்று பல்கலைக்கழகத்துடையது, மற்றது நிறுவனத்துடையது. நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். வழிகாட்டி "உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டார். போகலாமா? போனால் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகலாம். ஆனால் இந்த வேலை விவரத்தோடு போகாதீர்கள். "கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று ஆரம்பிக்கும் பத்து வாரம், ஆகஸ்டில் ஒரு பவர்பாயின்ட் கோப்பாக முடியும். அதைப் பிறகு யாரும் திறப்பதில்லை. அந்த நிறுவனம் அடுத்த ஆறு மாதத்துக்குள் எடுத்தே தீரவேண்டிய முடிவு ஒன்று இருக்கும். அது என்னவென்று கேளுங்கள். அந்த முடிவுக்கு வேண்டிய ஆதாரத்தைத் திரட்டுவதுதான் உங்கள் வேலை என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அவர்களால் அதைச் சொல்ல முடியவில்லையென்றால், முதல் வாரம் முழுக்க அதைக் கண்டுபிடிப்பதற்கே செலவிடலாம், தப்பில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் அந்தக் கேள்வி இதுதான் என்று தோன்றுகிறது: இந்தக் கருவியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

நகரத்துக் குடிநீர் வாரியம்தான் வாங்கும் என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அங்கேதான் சிக்கல். அமெரிக்காவின் ஈயம்-செம்பு விதி 1991இலிருந்து இருக்கிறது. லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் ஈயம் என்பது அதன் நடவடிக்கை அளவு, அதாவது வாரியம் நடவடிக்கையில் இறங்க வேண்டிய எல்லை. 2024 அக்டோபரில் வந்த திருத்தம் அதை 10 ஆகக் குறைக்கிறது. ஆறு மணி நேரமாவது திறக்காமல் இருந்த குழாயிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏற்றுக்கொண்ட முறையில், சான்றுபெற்ற ஆய்வகத்தில் சோதித்தால்தான் வாரியத்தின் கணக்கில் அது ஏறும். அந்த ஏற்பு இல்லாத கையடக்கக் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது காட்டும் எண்ணை விதிக்கான அறிக்கையில் போட முடியாது. புதிய முறைக்கு முகமையின் ஏற்பு வாங்குவது தனிப் பாதை, அதற்கான தரவும் பணமும் இப்போது இந்த நிறுவனத்திடம் இருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் விதியின் கட்டாயம் இல்லாமலே ஈய அளவை உடனே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் யார்? பள்ளிக் கட்டடங்களைப் பராமரிப்பவர்களா, பழைய வீடு விற்பனைக்கு வரும்போது சோதனை செய்து தருகிறவர்களா, வடிகட்டி தயாரிப்பவர்களா? வாரியத்துக்குள்ளேயே ஈயக் குழாயை மாற்றும் பிரிவு ஒன்று இருக்கும். பழைய குழாயைத் தோண்டி அசைத்த பிறகு சில காலம் தண்ணீரில் ஈயம் கூடுவது உண்டு, அவர்களுக்கு அன்றன்றைக்கே ஓர் எண் தெரிந்தால் உதவும். இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களை இப்போதைக்கு விட்டுவிடுவதற்கான ஆதாரத்தைக் கொண்டுவந்தால், ஒரு சின்ன நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. நான்கு பேருக்கும் பொருந்தும் கருவி என்று நினைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் நான்கு பேருக்காகவும் வடிவமைப்பதில்தான் இத்தகைய நிறுவனங்களின் பணம் கரைகிறது.

ஆதாரம் பேட்டிகளிலிருந்து வரும். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் 2011இல் தொடங்கிய, ஆய்வகக் கண்டுபிடிப்புக்கு வாடிக்கையாளர் உண்டா என்று தேடப் பயிற்சி தரும் ஐ-கோர் திட்டத்தில் மூன்று பேர் குழு ஏழு வாரத்தில் நூறு பேரைப் பார்க்க வேண்டும். நீங்கள் தனி ஆள், முப்பது முப்பத்தைந்து பேட்டிகள் போதும். முதல் இரண்டு வாரம் ஆள் பிடிப்பதிலேயே போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் பதில் போடமாட்டார்கள். பேராசிரியரின் நண்பர்களை மட்டும் பார்த்தால் எல்லோரும் பாராட்டுவார்கள், அந்தப் பாராட்டால் எந்தப் பயனும் இல்லை. குடிநீர்த் துறை மாநாட்டில் பேசியவர்கள், பள்ளி மாவட்ட இணையதளத்தில் கட்டடப் பொறுப்பாளர் என்று போட்டிருப்பவர்கள், இப்போதுள்ள சோதனைக் கருவிகளை விற்கும் விநியோகஸ்தர்கள் என்று தேடுங்கள். விநியோகஸ்தரிடம் அரை மணி நேரம் பேசினால் சந்தை அறிக்கை சொல்லாதது தெரியவரும்: எது விற்கிறது, எது திரும்பி வருகிறது, எந்த விலைக்கு மேல் போனால் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம்.

பேட்டியில் "இப்படி ஒரு கருவி இருந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது ஈயம் சோதித்தீர்கள்? யார் சோதிக்கச் சொன்னார்? முடிவு வர எத்தனை நாள் ஆனது, அதுவரை அந்தக் குழாயை என்ன செய்தீர்கள்? பில்லை யார் கட்டினார், எந்தக் கணக்கிலிருந்து? கருவியைப் பற்றிய பேச்சைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள், முதலிலேயே காட்டினால் மீதி நேரமெல்லாம் அதன் நிறத்தையும் எடையையும் பற்றித்தான் பேச்சு நடக்கும். முடிந்தால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய் அவரைக் குறிப்பெடுக்க விடுங்கள். அன்று இரவே எழுதிவிடுங்கள். அவர் சொன்ன வார்த்தைகளும் உங்கள் ஊகமும் தனித்தனியாக இருக்கட்டும். நிறுவனர் மாதம் ஒருமுறையாவது உங்களோடு நேரில் வரவேண்டும் என்று கேளுங்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்வதை நிறுவனர் தன் காதால் கேட்கும் வரை உங்கள் அட்டவணையை நம்பமாட்டார்.

லேப் வேலையை மறுக்க வேண்டாம், ஆனால் எல்லை கட்டுங்கள். சம்பளம் நிச்சயமில்லாத இன்டர்னை வைத்து ஒரு டெக்னீஷியனின் வேலையை முடித்துக்கொள்வது எளிது. பத்து வாரமும் அதிலேயே போய்விடும். ஒரே ஒரு சோதனையை மட்டும் நீங்களே கேட்டு வாங்குங்கள். மின்வேதியியல் முறை பெரும்பாலும் கரைந்த ஈயத்தைத்தான் பார்க்கும். பழைய குழாயிலிருந்து உதிரும் துகள்களில் இருக்கும் ஈயம் அதில் தப்பிவிடும். ஆய்வகத்திலோ மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்துவிடுவதால் துகளில் இருப்பதும் பெருமளவு எண்ணிக்கைக்கு வந்துவிடுகிறது. எனவே ஆய்வகத்தில் 18 வந்த தண்ணீருக்கு உங்கள் கருவி 6 காட்டலாம், கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலே. இதை வாங்குகிறவர் முதல் மாதத்திலேயே கண்டுபிடிப்பார். அதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடியுங்கள். வெவ்வேறு வீடுகளிலிருந்து இருபது மாதிரி எடுத்து, நன்றாகக் குலுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சான்றுபெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், மறுபாதியைக் கருவியில் அளவிடுங்கள். லேபில் தயாரித்த ஈய நைட்ரேட் கரைசலை வைத்து மட்டும் காட்டிய வரைபடம் இந்த விஷயத்தில் எதையும் நிரூபிக்காது. பல்கலைக்கழக லேபில் நிறுவனத்துக்காக வேலை செய்யத் தனி ஒப்பந்தம் வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காப்புரிமைத் தேடலும் உங்கள் தலையில் விழும் என்று நினைக்கிறேன். எஸ்பாசெநெட்டிலோ கூகுள் பேட்டன்ட்ஸிலோ ஜி01என் 33/18, ஜி01என் 27/48 ஆகிய வகைப்பாடுகளில் தேடுங்கள். முன்னது தண்ணீர்ச் சோதனை, பின்னது மின்னழுத்தத்தை மெல்ல மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை. சுருக்கத்தைப் படித்து நிறுத்திவிடாதீர்கள், காப்புரிமை எதுவரை செல்லும் என்று எல்லை வகுக்கும் உரிமைக்கோரல்களில் தனித்து நிற்பவற்றைப் படியுங்கள். யாருடையது, எந்த நாட்டில், இன்னும் உயிரோடு இருக்கிறதா, எப்போது காலாவதி என்று அட்டவணை போடுங்கள். "நாம் இதை மீறுகிறோம்" என்று மட்டும் மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள். பிற்காலத்தில் வழக்கு வந்தால் அந்த மின்னஞ்சல் நீதிமன்றத்துக்குப் போகும். தெரிந்தே மீறினார்கள் என்று நிலைநாட்டப்பட்டால் அமெரிக்கச் சட்டப்படி இழப்பீட்டை மூன்று மடங்கு வரை நீதிபதி உயர்த்தலாம். தகவல்களைத் தொகுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கருத்தை வழக்கறிஞர் சொல்லட்டும்.

இப்போது ஒப்பந்தங்கள். கையெழுத்திடும் முன் ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க் ஹோலோட்னி என்ற ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்டில் சேரும்போது, தன் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைக்க ஒப்புக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். பிறகு பிசிஆர் தொழில்நுட்பம் கற்க சீட்டஸ் என்ற நிறுவனத்துக்குப் போனார். அங்கே வருகையாளர்களுக்கான ரகசியக்காப்புத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில், இதன்மூலமே ஒப்படைக்கிறேன் என்று இருந்தது. முதல் தாளில் இருந்தது எதிர்காலத்துக்கான வாக்குறுதி, இரண்டாவது தாள் அப்போதே உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டது. சீட்டஸின் பிசிஆர் தொழில் பின்னர் ரோஷின் கைக்குப் போனது. இரத்தத்தில் எச்ஐவி அளவைக் கணக்கிடும் காப்புரிமைகளுக்காக ஸ்டான்ஃபோர்ட் வழக்குப் போட்டபோது, அந்த இரண்டாவது தாள்தான் அதைத் தோற்கடித்தது. அரசுப் பணத்தில் செய்த ஆய்வின் உரிமை 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டத்தால் தானாகவே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது.

ஆகவே இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நிறுவனத்தின் தாளில் "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்" என்று இருந்தால், உங்கள் முனைவர் பட்ட ஆய்வும் அதற்குள் வந்துவிடும். "இணைப்பில் கண்ட வேலையின் பகுதியாக உருவாக்குபவை மட்டும், பல்கலைக்கழகத்துக்கு எனக்குள்ள கடப்பாடுகளுக்கு உட்பட்டு" என்று மாற்றச் சொல்லுங்கள். ஆய்வேட்டின் தலைப்பைக் குறிப்பிட்டு அது இதில் சேராது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ரகசியக்காப்புக்கு முடிவு ஆண்டு இருக்கட்டும். நிறுவனத்தின் வெளியிடாத தகவல் எதையும் உங்கள் கருத்தரங்கச் சுவரொட்டியில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஓர் ஆண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அது கிடையாது. நீங்கள் வெளிநாட்டுக் குடிமகள், உங்களுக்குத் தொழில்நுட்பத் தகவலைக் காட்டுவதே ஏற்றுமதியாகக் கருதப்படலாம் என்பதால் இன்னொன்றும் கேளுங்கள்: ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளில் அடிப்படை ஆய்வுக்கு இருக்கும் விலக்கு, நிறுவனத்தின் ரகசியத் தொழில்நுட்பத் தகவலுக்குக் கிடைக்காது. தண்ணீர்ச் சோதனைக் கருவியில் பெரும்பாலும் பிரச்சினை வராது, பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் ஒரு மின்னஞ்சலில் உறுதி வாங்கிவிடலாம்.

பணம். பல்கலைக்கழக ஊதியப் பட்டியலில் அலுவலகம் தரும் தொகை வளாக வேலைக் கணக்கில் வரும். பருவ நாட்களில் ஆராய்ச்சி உதவியாளர் வேலையையும் சேர்த்து வாரம் 20 மணி, கோடை விடுமுறையில் அந்த வரம்பு இல்லை. நிறுவனம் சம்பளமோ பங்கோ தந்தால் அது வெளிவேலை, சிபிடி எனப்படும், படிப்பின் பகுதியாக வெளியே வேலை செய்வதற்கான அனுமதி வேண்டும். நிறுவனத்தின் அறை வளாகத்துக் கட்டடத்திலேயே இருந்தாலும் இது மாறாது. சம்பளத்துக்குப் பதில் பங்கு என்பதும் ஊதியம்தான், விசா விதியிலிருந்து தப்ப அது வழி இல்லை. சிபிடி உங்கள் பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும், அதற்கு ஏற்ற பாடத்தில் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். நிறுவனத்தின் பெயரும் தேதிகளும் பல்கலைக்கழகம் தரும் விசா ஆவணமான ஐ-20இல் ஏறிய பிறகே முதல் நாள் வேலை. முழுநேர சிபிடி 12 மாதம் ஆனால், பட்டம் முடித்த பிறகு வேலை செய்ய உதவும் ஓபிடி அனுமதி போய்விடும். பத்து வாரத்தால் அதற்கு ஆபத்தில்லை.

"கிராண்ட் வந்ததும் தருகிறோம்" என்பதை ஏற்காதீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு அமெரிக்க அரசு தரும் எஸ்பிஐஆர் அல்லது எஸ்டிடிஆர் பணமாக இருக்கும். விண்ணப்பித்து முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அந்தத் திட்டங்களுக்கான சட்ட அனுமதியே 2025 செப்டம்பர் 30இல் ஒருமுறை காலாவதியானதும் உண்டு. பத்து வார வேலைக்குப் பங்கு கேட்டு வாதாடுவதும் வீண். மணிக்கு இவ்வளவு என்று கேளுங்கள். முடியாதென்றால் உரிம அலுவலகம் தரும் தொகைக்கு ஏற்ப மணி நேரத்தைக் குறையுங்கள். பேட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு லேபை விட்டுவிடலாம்.

என்னை உறுத்துவது உங்கள் ஆய்வுக் குழுவில் அந்தப் பேராசிரியர் இருப்பது. உங்கள் அறிக்கை "இந்தச் சந்தை உங்களுக்கு இல்லை" என்று சொல்ல வேண்டி வரலாம். அதைச் சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே ஆய்வேட்டை முன்வைத்துப் பேசவும் வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மனதை நம்பி நீங்கள் பட்டத்தை வைக்க வேண்டியதில்லை. இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன்பே அவர் குழுவிலிருந்து விலகி வேறொருவர் வரட்டும். முடியாவிட்டால் சொந்த நலனும் பொறுப்பும் மோதும் இடங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக நலமுரண் குழு எழுதிக்கொடுக்கும் ஏற்பாட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், பிரச்சினை என்றால் யாரிடம் போவது என்பதும் அதில் இருக்க வேண்டும். இதற்கு மட்டும் அவர்கள் இணங்கவில்லையென்றால் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் பேசலாம்.

உரிம அலுவலகத்தின் வழக்கறிஞர் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர், உங்களுடையவர் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி மையம் இருக்கிறது, இரண்டு தாள்களையும் அங்கே காட்டுங்கள். பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள். கோடை நெருங்கும்போது சிபிடி விண்ணப்பங்கள் குவியும். உங்கள் பத்து வாரம் ஜூன் முதல் வாரத்தில் தொடங்க வேண்டுமானால் வேலை விவரத்தின் அந்த ஒரு பக்கம் ஏப்ரலிலேயே கையெழுத்தாகியிருக்க வேண்டும்.