கிராமங்களும் சின்ன டவுன்களும் காலியாகிக்கொண்டே போகின்றனவே, மீட்க வழி உண்டா?

கேள்வி கேட்டவர், தன் ஊரில் வயதானவர்கள் மட்டும்தான் மிச்சம், ஒரு பெரிய கம்பெனி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறார். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, வடசென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைத்து எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் போடுகிற ஆள். ஆனால் பெரிய கம்பெனி என்றாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு பின்னி மில்தான் ஞாபகத்துக்கு வரும். பெரம்பூரில் இருந்த பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் துணி மில்களை நம்பி பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் பிழைத்தன. 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த மில் ஆட்களை வைத்துத்தான். 1996ல் மில் மூடியது. அப்பா மில்லுக்குப் போன வீடுகளில் பிள்ளைகள் ஆட்டோ, துறைமுகம், பெயின்டிங் வேலை என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் இது சென்னை, பிடிக்க ஏதோ ஒன்று இருந்தது. இதே கதை ஒரு சின்ன டவுனுக்கு நடந்தால் அங்கே பிடிக்க என்ன இருக்கும்?

அதனால் ஒரே கம்பெனி என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கே வாடகை ஏறியதும் தையலில் ஒரு பகுதியை பொன்னேரி தாண்டி ஒரு கிராமத்துக்கு ஜாப் வொர்க்காகக் கொடுக்க ஆரம்பித்தேன். கட்டிங் இங்கே முடித்து, பண்டல் கட்டி, கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏற்றிவிட்டால் அந்தப் பக்கம் இறக்கிக்கொள்வார்கள். அங்கே தைக்கிற பெண்கள் கை சுத்தம், பீஸ் திரும்பி வருவது குறைவு. எல்லாரும் கிராமத்துக்குத் திறன் பயிற்சி, திறன் பயிற்சி என்கிறார்களே, நான் பார்த்தவரை திறன் அங்கே நிறையவே கிடக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் லூப்பர் என்கிற பாகம் உடைந்தால் மாற்ற அந்த ஊரில் ஆள் கிடையாது, பக்கத்து டவுனில் இருப்பவருக்கு வீட்டுத் தையல் மெஷின்தான் தெரியும், ஆகவே இங்கிருந்து மெக்கானிக் போகிற வரைக்கும் மொத்த யூனிட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நூல் கோன் வேறு ஷேடு வேண்டுமா, லேஸ் தீர்ந்துவிட்டதா, ஜிப் பத்தவில்லையா, எல்லாவற்றுக்கும் வண்ணாரப்பேட்டைக்குத்தான் வர வேண்டும். தையல் கூலி மட்டும் கிராமத்தில் தங்குகிறது, மிச்சமெல்லாம் அடுத்த ரயிலிலேயே எங்கள் ஏரியாவுக்குத் திரும்பிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், கிராமம் நிற்க வேண்டுமென்றால் முதலில் அதற்குப் பக்கத்து டவுனைக் கவனியுங்கள். மெக்கானிக், நூல் கடை, குளிர்பதனக் கிடங்கு, பேங்க் எல்லாம் அரை மணி நேர தூரத்தில் இருந்தால் சுற்றியிருக்கிற இருபது கிராமமும் தானாக வேலையைப் பிடித்துக்கொள்ளும்.

சிவகாசியைப் பாருங்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வந்தது, அச்சகம் காலண்டருக்குப் போனது, பட்டாசும் சேர்ந்துகொண்டது. மழை கம்மியான கரிசல் பூமியில் ஒரு தொழில் அடுத்த தொழிலை இழுத்துக்கொண்டு வந்தது. குழந்தைத் தொழிலாளர், வெடி விபத்து என்று அதற்குக் கொடுத்த விலையும் பெரியதுதான், திருப்பூருக்கு நொய்யல் ஆறு மாதிரி. அங்கே சாயக்கழிவு தாங்காமல் 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஊருக்குப் பணம் மட்டும் போனாலும் போதாது. எங்கள் ஏரியாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி அண்ணாச்சிகள் ராத்திரி பதினோரு மணி வரை உழைக்கிறார்கள், ஊருக்குப் பணம் போகிறது, அந்தப் பணத்தில் மார்பிள் போட்ட மாடி வீடு எழும்புகிறது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் திறக்கிறார்கள். கொத்தனாருக்கு ஒரு வருஷம் வேலை கிடைத்தது, அப்புறம் பூட்டுதான். அண்ணாச்சிகளைக் குறை சொல்லவில்லை. கொள்முதல், கணக்கு, கடன் வசூல் என்று அவர்கள் கையில் இருக்கிற சாமர்த்தியம் எதுவும் அந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் கிராமத்தைப் பற்றிப் பேசினால் வடசென்னையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். இங்கே பாதிப் பேரின் தாத்தா பாட்டி செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்தது வேலைக்காக மட்டுமில்லை. நிலம் கிடையாது, தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது, அதனால் வந்தார்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பலரும் கிராமத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அம்பேத்கர் அது குறுகிய புத்தியின் கூடாரம் என்றுதான் பேசினார். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996ல் பஞ்சாயத்துத் தலைவரான இளங்கோ இதைப் புரிந்துகொண்டவர். அங்கே வந்த சமத்துவபுரத்தில் இரட்டை இரட்டையாக வீடு, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். பக்கத்துப் பக்கத்து கிராமங்கள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே செய்து தங்களுக்குள் விற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் விடாமல் சொன்ன விஷயம். எனக்கு அந்த இரண்டும் தனித்தனியாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவன் அவனிடம் எண்ணெய் மட்டும் எப்படி வாங்குவான்?

கடைசியாக பஸ். 2021லிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்குத் தைக்கிறவர்களில் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அதனால்தான் வருகிறார்கள், கூலியில் பஸ் காசு போனால் கட்டாது. ஆனால் சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருப்பதால் பாதி பண்டல் அப்படியே நிற்கும், அவசர ஆர்டர் எடுக்கவே முடியாது. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பஸ் இருந்தால் டவுனில் சம்பாதித்து ஊரில் படுத்துக்கொள்ளலாம், சென்னைக்கு வந்து அட்வான்ஸ் கொடுத்துத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டாம்.

ஆகவே அடுத்த கிராம சபையில் கம்பெனி கேட்டுத் தீர்மானம் போடுவதற்கு முன்னால் அந்த ஒன்பதரை மணி பஸ்ஸைக் கேளுங்கள். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் என்றால், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சும்மா இருக்கிற பையன் யாராவது ஓவர்லாக் ரிப்பேர் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால் அனுப்பிவையுங்கள், எங்கள் மெக்கானிக்கிடம் நானே சேர்த்துவிடுகிறேன்.